தோளுக்கு ஏற்ற துப்பாக்கி

என் தாத்தாவிடம் ஒரு துப்பாக்கி இருந்தது என்று சொன்னால் என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். நான் பென்சில் சீவினாலே விரலை வெட்டிக்கொள்கிற ஆசாமி. ஆனாலும் விஷயம் உண்மைதான். தாத்தா தர்மபுரிப் பக்கத்தில், மலையடிவாரத்துக் கிராமம் ஒன்றில் மணியம் பார்த்தவர். நிலக்கடலைக் காட்டில் பன்றி இறங்காமல் இருப்பதற்காக ஒரு நாட்டுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தார். குழலின் வாய் வழியே மருந்தும் ரவையும் போட்டுக் கெட்டிக்கிற பழைய காலத்துச் சாமான்.

அந்தத் துப்பாக்கியின் கட்டை ஒரு மழைக்காலத்தில் செல்லரித்துப் போயிற்று. ஊர் ஆசாரி புதுக் கட்டை செய்து மாட்டினார். அவர் அதைச் செய்த விதம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. வேங்கைப் பலகை ஒன்றைக் கரடுமுரடாகச் செதுக்கிக் குழலோடு கயிற்றால் கட்டிக்கொண்டு திண்ணைக்கு வந்தார்.

“மணியக்காரரே, கண்ணை மூடிக்கிட்டு எடுங்க” என்றார்.

“கண்ணை மூடிக்கிட்டு எவன் ஆசாரி சுடுவான்?”

“சுட வேணாமுங்க. தோள்லே வெச்சுப் பாருங்க. வெச்சப்புறம் கண்ணைத் தெறங்க.”

தாத்தா அப்படியே செய்தார். கொட்டகை ஓரம் படுத்திருந்த கறுப்பன் என்ற எங்கள் நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டது. கண்ணைத் திறந்தபோது தாத்தாவுக்குக் குழலின் நுனி தெரியவில்லை. குழலின் பின்பக்கந்தான் தெரிந்தது. ஆசாரி கட்டையை வாங்கிக்கொண்டு போனார். அடுத்த நாள் ஒரு விரற்கடை இழைத்துக்கொண்டு வந்தார். மறுபடியும் கண்ணை மூடச் சொன்னார். நாலு நாள் இந்தக் கூத்து நடந்தது. ஐந்தாம் நாள் தாத்தா கண்ணைத் திறந்ததும், “ஆ, நேரே நிக்குது!” என்றார். ஆசாரிக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆனால், துப்பாக்கியைக் கண் தேடிப் போகக் கூடாது, துப்பாக்கிதான் கண்ணைத் தேடி வரவேண்டும் என்ற தத்துவம் அவருக்குத் தெரிந்திருந்தது.

சமீபத்தில் அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்டைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு அந்த ஆசாரியின் ஞாபகம் வந்தது. தம்முடைய வின்செஸ்டர் ரைபிளைத் தமக்கென்று கட்டை வைத்து, தமக்கென்று குறி வைத்துச் செய்துகொண்டதாகவும், தமக்கு வாய்த்த ஆயுதங்களிலெல்லாம் அதுவே சிறந்தது என்றும் ரூஸ்வெல்ட் எழுதியிருக்கிறார். இவ்வளவு பெரிய மனிதருக்கும் எங்கள் தாத்தாவுக்கும் ஒரே கவலை இருந்திருக்கிறதே என்று தோன்றியது. அந்த ரைபிளின் சரித்திரத்தைத் துருவிக்கொண்டு போனேன். போன இடத்தில் ஊக்கு, சட்டை, மூக்குக்கண்ணாடி என்று சம்பந்தமில்லாத சாமான்களெல்லாம் அகப்பட்டன.

முதலில் ஊக்கு. நம் வீட்டுப் பெண்கள் வளையலில் கோத்து வைத்திருக்கிறார்களே, அந்த ஊக்கைக் கண்டுபிடித்து 1849-ல் காப்புரிமை பெற்றவர் வால்டர் ஹண்ட் என்ற அமெரிக்கர். அதை அவர் 400 டாலருக்கு விற்றுவிட்டார். அதே வருஷம், குழலுக்கு அடியில் இன்னொரு குழாய் வைத்து, அதில் வரிசையாகத் தோட்டாக்களை அடைத்து, ஒவ்வொன்றாக மேலே ஏற்றிச் சுடும் ஒரு ரைபிளுக்கும் அவர் காப்புரிமை பெற்றார். யோசனை அபாரமானது, ஆனால் துப்பாக்கி சரியாக வேலை செய்யவில்லை. அந்த யோசனை கைமாறிக் கைமாறி, ஹோரஸ் ஸ்மித், டேனியல் வெஸ்ஸன் ஆகியோரிடம் வந்து, கடைசியில் ஆலிவர் வின்செஸ்டர் என்பவரிடம் போய்ச் சேர்ந்தது.

வின்செஸ்டர் துப்பாக்கித் தொழிலாளி அல்ல. கனெக்டிகட் மாகாணத்து நியூ ஹேவன் நகரில் சட்டை தைத்து விற்றவர். அதுவரை தைக்கப்பட்ட சட்டைகளெல்லாம் கழுத்துப் பட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன. தோள்பட்டைத் தையலை வளைத்து வெட்டி அந்தத் தொல்லையைப் போக்கியதற்காக 1848-ல் அவர் ஒரு காப்புரிமை வாங்கினார். தோளுக்குத் தக்கபடி வெட்டத் தெரிந்த ஒரு மனிதர் துப்பாக்கிக் கம்பெனியின் முதலாளியானார் என்பதை நினைத்தால் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. நாவலில் இப்படி எழுதினால் நம்ப மாட்டார்கள். சரித்திரத்துக்கு அந்தப் பயம் கிடையாது.

அவருடைய தொழிற்சாலையில் பெஞ்சமின் டைலர் ஹென்றி என்ற கெட்டிக்காரர் இருந்தார். 1860-ல் அவர் அந்த ரைபிளை ஒழுங்கு செய்தார். விசைக்குக் கீழே விரல்களை நுழைத்துக்கொள்ள ஒரு வளையம், அதுதான் லீவர். அதைக் கீழே தள்ளினால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழும். சுத்தியல் பின்னுக்குப் போய் நிற்கும். மேலே இழுத்தால் புதுத் தோட்டா குழலுக்குள் ஏறும். அவ்வளவுதான். மற்றவர்கள் ஒரு குண்டு போட்டுக் கெட்டிப்பதற்குள் இது பத்துக்கு மேல் சுட்டுவிடும். உள்நாட்டு யுத்தத்தின்போது தெற்கத்திச் சிப்பாய்கள், ‘ஞாயிற்றுக்கிழமை நிரப்பிக்கொண்டு வாரம் முழுவதும் சுடுகிறார்கள்’ என்று இதைப் பற்றி அலுத்துக்கொண்டதாகச் சொல்வதுண்டு.

ஆனால் ஹென்றி ஒரு விஷயத்தை மறந்துவிட்டார். துப்பாக்கியை மனிதன் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அது. குழலின் கீழே இடது கைக்கு மரமே கிடையாது, வெறும் இரும்பு. ஏழெட்டுத் தரம் சுட்டால் குழல் பழுக்கக் காய்ந்துவிடும். போதாக்குறைக்குத் தோட்டாக்களைத் தள்ளிக்கொண்டு வரும் குமிழ் ஒன்று அடிக்குழாயின் திறந்த பிளவில் நகர்ந்து வந்து கை விரலில் முட்டும். 1866-ல் நெல்சன் கிங் என்பவர் தோட்டாவைப் பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு வழியாகப் போடும்படி செய்தார். அதனால் அடிக்குழாயை மூடிவிடவும், அதன்மேல் மரம் வைக்கவும் முடிந்தது. பித்தளை உடம்பு கொண்ட அந்த 1866-ஆம் வருஷத்து ரைபிள்தான் வின்செஸ்டர் என்ற பெயரில் வந்த முதல் ரைபிள். அடுத்து 1873-ல் இரும்பு உடம்போடு இன்னொன்று வந்தது. கைக்கு மரம் கிடைத்த பிறகே இது வீடு வீடாகப் போயிற்று என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

இனித் தோளுக்கு வருவோம். அந்தக் காலத்து ரைபிள்களின் பின்கட்டை முனை பிறைச் சந்திரனைப் போல் உட்குழிந்திருக்கும். இரண்டு கொம்புக்கும் இடையே புஜம் போய் உட்கார வேண்டும் என்பது ஏற்பாடு. நிதானமாக நின்று சுடுகிறவனுக்கு அது சரி. அவசரத்தில் கோணலாக வைத்துவிட்டாலோ, சுட்டதும் பின்னால் உதைக்கும்போது கொம்பு தோளில் குத்திவிடும். வேட்டைக்காரர்கள் இதைத் தவிர்க்க, பறவை சுடும் துப்பாக்கிக்கு இருப்பதுபோன்ற தட்டையான முனையைக் கேட்டார்கள். வின்செஸ்டர் தொழிற்சாலை இப்படிக் கேட்டவர்களுக்கெல்லாம் கேட்டபடி செய்து கொடுத்தது. அதன் விலைப் பட்டியலே ஜவுளிக் கடைக்காரன் புடைவைகளை விரித்துப் போடுவதுபோல் இருக்கும். குழல் உருண்டையாக வேண்டுமா, எட்டுப் பட்டையாக வேண்டுமா? அடிக்குழாய் முழு நீளமா, பாதி நீளமா? கைப்பிடி நேராகவா, வளைவாகவா? மரம் சாதா வால்நட்டா, ரேகை ஓடிய உயர்ந்த ரகமா? கைநழுவாமல் இருக்கக் குறுக்குக் கோடு வெட்ட வேண்டுமா? ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி விலை.

விலைப் பட்டியல் எட்டாத இடத்திலும் இந்த அலங்காரம் நடந்தது. சமவெளியில் வாழ்ந்த அமெரிக்கப் பழங்குடியினரிடம் இந்த ரைபிள்கள் வியாபாரத்திலும் சண்டையிலுமாகப் போய்ச் சேர்ந்தன. அவர்கள் கட்டையில் பித்தளைக் குமிழாணிகளை வரிசை வரிசையாக அடித்துக் கோலம் போட்டார்கள். குதிரைமீது போகும்போது விழுந்து கட்டையின் கழுத்து முறிந்தால், பச்சைத் தோலை நனைத்து இறுகச் சுற்றிக் காயவிடுவார்கள். தோல் காயக் காயச் சுருங்கி இரும்புப் பட்டைபோல் கவ்விக்கொள்ளும். அப்படிச் செப்பனிட்ட ரைபிள்கள் இன்றும் அமெரிக்கக் காட்சிச்சாலைகளில் இருக்கின்றன. அவற்றின் படத்தைப் பார்த்தபோது, கோடாலிக் காம்புக்கு எங்கள் ஊரில் தோல்வார் சுற்றுவது நினைவுக்கு வந்தது.

1876-ஆம் வருஷம் ஜூன் 25-ஆந் தேதி லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் தளபதி கஸ்டரும் அவருடன் சென்ற பிரிவினரும் லகோட்டா, ஷயேன் வீரர்களிடம் மாண்டுபோனார்கள். சர்க்கார் தன் சிப்பாய்களுக்குக் கொடுத்திருந்தது ஒரே குண்டு போடும் ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கி. 1983-ல் அந்தப் புல்வெளியில் தீப்பிடித்துத் தரை வெளியே தெரிந்தது. மறுவருஷம் ஆராய்ச்சியாளர்கள் மண்ணைக் கிளறினார்கள். எதிர்த்தரப்பு நின்ற இடங்களில் ஹென்றி, வின்செஸ்டர் ரைபிள்களின் தோட்டாக் கூடுகள் ஏராளமாகக் கிடைத்தன. அன்றைய தோல்விக்கு அதுவே முழுக் காரணம் என்று சொல்வதற்கில்லை; ஆள் கணக்கும், கஸ்டரின் அவசரமும் இருந்தன. ஆனாலும் நாகரிகம் மிகுந்தவர் கையில் பழைய கருவியும், ‘காட்டுமிராண்டிகள்’ என்று ஏசப்பட்டவர் கையில் புதுக் கருவியும் இருந்தன என்பது யோசிக்கத்தக்கது.

இந்தச் சமயத்தில் நியூயார்க் நகரத்தில் ஒரு பணக்காரப் பையன் இருந்தான். பதின்மூன்று வயதில் அவன் கைக்கு முதல் துப்பாக்கி வந்தது. கூட இருந்த பையன்கள் பறவைகளை அடித்துத் தள்ளினார்கள். இவனுக்கோ பறவையே தெரியவில்லை. ஒரு நாள் தூரத்தில் இருந்த விளம்பரப் பலகையைச் சிநேகிதர்கள் உரக்கப் படித்தார்கள். அங்கே எழுத்து இருக்கிறது என்பதே அப்பொழுதுதான் இவனுக்குத் தெரிந்தது. தகப்பனாரிடம் சொன்னான், மூக்குக்கண்ணாடி வந்தது, புதிதாக ஓர் உலகமே திறந்துவிட்டது. இதை ரூஸ்வெல்ட் தம் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார்.

இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. காரணம் உண்டு. ஐந்தாம் வகுப்பில் கரும்பலகையைப் பார்த்து எழுதத் தெரியாத மக்கு என்று ஒரு வருஷம் முழுவதும் உதை வாங்கியவன் நான். கரும்பலகை என்றால் அது ஒரு கறுப்புத் துணியைப்போல் இருக்கும், வாத்தியார் எதையோ மனத்தில் நினைத்துக்கொண்டு பாடம் சொல்கிறார் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். மற்றவர்களுக்கு அதில் எழுத்துத் தெரிகிறது என்பது எனக்குத் தெரியாது. கண் கெட்டவனுக்குத் தன் கண் கெட்டது தெரியாது. உலகந்தான் மங்கல் என்று நினைப்பான்.

1883-ல் ரூஸ்வெல்ட் காட்டெருமை வேட்டைக்காக டகோட்டாப் பிரதேசத்துக்குப் போனார். கோடிக்கணக்கில் திரிந்த பைஸன் என்ற அந்தக் காட்டெருமைகள் அப்பொழுது அருகி விட்டன. அவை அற்றுப் போவதற்குள் ஒன்றைச் சுட்டுவிட வேண்டும் என்பதே அவர் அவசரம். பல நாள் மழையிலும் சேற்றிலும் அலைந்த பிறகே ஒன்று அகப்பட்டது. அடுத்த வருஷம் பிப்ரவரி 14-ஆந் தேதி ஒரே நாளில், ஒரே வீட்டில், அவருடைய தாயாரும் மனைவியும் இறந்தார்கள். துக்கத்தைச் சுமந்துகொண்டு அவர் மறுபடியும் டகோட்டாவுக்கே போய் மாட்டுப்பண்ணை நடத்தினார். அங்கே ஒரு சாராயக் கடையில் இரண்டு கைத்துப்பாக்கிகளை நீட்டிக்கொண்டிருந்த முரடன் ஒருவன், கண்ணாடியைப் பார்த்துவிட்டு ‘நாலு கண்ணா’ என்று கூப்பிட்டானாம். அவனைக் குத்தி வீழ்த்தியதாகச் சொல்லுகிறார். என் பள்ளிக்கூடத்திலும் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள். குத்துவதற்குத்தான் எனக்குக் கை வரவில்லை.

அவருடைய பிரசித்தமான வின்செஸ்டர் 1876-ஆம் வருஷத்து மாதிரி. உயர்ந்த வால்நட் கட்டை. பாதி நீள அடிக்குழாய். இரும்பின்மேல் மிருகங்களின் உருவங்களைச் செதுக்கிய சித்திர வேலை. கனமான ஷார்ப்ஸ் ரைபிளும், சீமையிலிருந்து வந்த இரட்டைக்குழல் ரைபிளும் அவரிடம் இருந்தன. ஆனாலும் தம் அளவுக்குச் செய்த இந்த வின்செஸ்டரையே அவர் கை எப்பொழுதும் தேடியது. தாம் சுமாராகச் சுடுகிறவர்தான் என்பதை அவர் ஒளித்ததில்லை. கண் கெட்ட மனிதனுக்குத் துப்பாக்கி பொருந்துவது மற்றவர்களைவிட அதிக அவசியம்.

ஏன் என்று கேட்டால், பழைய குறி முறையைச் சொல்ல வேண்டும். கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பிளவு, குழல் நுனியில் ஒரு முள், அதற்கப்பால் மிருகம். இந்த மூன்றையும் ஒரே சமயத்தில் கண் தெளிவாகப் பார்க்க வேண்டும். மனிதக் கண்ணால் அது முடியாத காரியம். இளவயதில் கண் வேகமாக மாறி மாறிப் பார்த்து நம்மை ஏமாற்றிவிடுகிறது. நாற்பது வயதுக்குமேல் ஏமாற்றத் தெம்பில்லாமல் போய்விடுகிறது. கனெக்டிகட்டில் வில்லியம் லைமன் என்பவர் இதற்கு 1879-ல் ஒரு வழி கண்டார். கட்டையின் கழுத்தில், கண்ணுக்கு வெகு அருகில், நிற்கும் ஒரு சின்ன வளையம். அதன் துவாரம் வழியாகப் பார்த்தால் கண் தானாகவே நடுமையத்தைத் தேடிக்கொள்ளும். வளையத்தைப் பார்க்க வேண்டாம். முள்ளை மட்டும் மிருகத்தின்மேல் வைத்தால் போதும். மூன்று வேலை இரண்டாயிற்று. நுனி முள்ளுக்கும் அவர் கம்பெனி வெள்ளைத் தந்தத்தில் ஒரு பொட்டு வைத்து விற்றது, மங்கல் வெளிச்சத்தில் தெரிவதற்காக.

தொலைநோக்கியும் அந்தக் காலத்தில் இல்லாமல் இல்லை. நியூயார்க் மாகாணத்து ஸிரக்யூஸ் நகரில் வில்லியம் மால்கம் என்பவர் 1855 முதலே துப்பாக்கிக்கென்று தொலைநோக்கி செய்து வந்தார். குழல் எவ்வளவு நீளமோ ஏறக்குறைய அவ்வளவு நீளம். அவற்றைக் கனமான ஒற்றைக்குண்டு ஷார்ப்ஸ் ரைபிள்களில் மாட்டிக்கொண்டு காட்டெருமைத் தோல் வியாபாரிகள் சிலர், தூரத்தில் உட்கார்ந்து கூட்டங்கூட்டமாகச் சாய்த்தார்கள். காட்டெருமையை அழித்த பழியில் பெரும் பங்கு லீவர் ரைபிளுக்கு அல்ல, அந்தக் கனத்த ஒற்றைக்குண்டுத் துப்பாக்கிகளுக்கே சேரும்.

லீவர் ரைபிளில் தொலைநோக்கி மாட்டுவதில் ஒரு சங்கடம் இருந்தது. ஜான் பிரௌனிங் என்ற மகா நிபுணர் வரைந்து கொடுத்த 1894-ஆம் வருஷத்து வின்செஸ்டர் எழுபது லட்சத்துக்கு மேல் விற்றது. ஆனால் அது சுட்ட கூட்டை நேரே தலைக்குமேல் துப்பும். மேலே தொலைநோக்கியை வைத்தால் கூடு அதில் இடித்துக்கொண்டு நிற்கும். ஆகவே தொலைநோக்கியை இடது பக்கமாகத் தள்ளி மாட்டினார்கள். சுடுகிறவன் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு சுட்டான். அதே நியூ ஹேவன் நகரில் இருந்த போட்டிக் கம்பெனியான மார்லின், 1889-லேயே மேற்புறத்தை மூடிக் கூட்டைப் பக்கவாட்டில் தள்ளும்படி செய்துவிட்டது. மழைத் தண்ணீர் உள்ளே போகாது, சூடான கூடு முகத்தில் விழாது என்பது அதற்குச் சொன்ன நியாயம். தொலைநோக்கி யார் மனத்திலும் இல்லை. அறுபது வருஷம் கழித்து, தொலைநோக்கி சர்வ சாதாரணமான பிறகு, அந்த மூடிய முதுகு மார்லினுக்குப் பெரிய சொத்தாயிற்று. வின்செஸ்டர் 1980-களின் தொடக்கத்தில்தான் கூட்டைச் சாய்வாகத் தள்ளும்படி தன் ரைபிளைத் திருத்திக்கொண்டது. 2006-ல் நியூ ஹேவன் தொழிற்சாலையே மூடப்பட்டது. மழைக்காக மூடியது கண்ணுக்கு உதவியது. வாழ்க்கையில் நாம் செய்யும் நல்ல காரியங்களில் பாதி இப்படிப்பட்டவைதாம்.

தொலைநோக்கியை மாட்டினால் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. அங்கேதான் எங்கள் ஊர் ஆசாரியின் வேலை ஆரம்பமாகிறது. பழைய கட்டை, குழலை ஒட்டித் தாழ்வாக இருந்த முள்ளைப் பார்ப்பதற்காகச் சரித்துச் செதுக்கப்பட்டது. கன்னத்தைக் கட்டையில் அழுத்தினால் கண் சரியாக முள்ளின் உயரத்தில் நிற்கும். தொலைநோக்கியோ அதற்கு மேலே ஓர் அங்குலத்துக்குமேல் உயரத்தில் உட்காருகிறது. கன்னத்தை எடுத்து மோவாயை வைத்துத்தான் பார்க்க வேண்டும். தலைக்குப் பிடிப்பில்லை, குறி ஆடுகிறது. ஆகவே கண்ணை உயர்த்தியவன் கன்னத்துக்கும் மரத்தை உயர்த்த வேண்டும். தோல் உறை போட்டாவது, மரத்துண்டு ஒட்டியாவது கட்டையின் முதுகை மேடாக்க வேண்டும். தொலைநோக்கிக்கு அடியில் சுத்தியலை இழுக்க விரல் நுழையாது. அதற்குப் பக்கவாட்டில் ஒரு கொம்பு முளைக்க வேண்டும். ஒன்றை மாற்றினால் ஒன்பதை மாற்ற வேண்டியிருக்கிறது. பழைய வீட்டில் ஒரு ஜன்னல் வைக்கப்போன அனுபவம் உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ரூஸ்வெல்டின் கதைக்குத் திரும்புகிறேன். ஜனாதிபதியாக இருந்தபோது வெள்ளை மாளிகையில் ஓர் இளம் ராணுவ அதிகாரியோடு குத்துச் சண்டை பழகினார். ஒரு குத்து இடது கண்ணில் விழுந்து பார்வை மங்கிப்போயிற்று. வலது கண்ணாக இருந்திருந்தால் தம்மால் அப்புறம் சுடவே முடிந்திராது என்று அவரே எழுதியிருக்கிறார். குத்தியவர் பெயரையும் அவர் வெளியிடவில்லை. பதவி முடியும் தறுவாயில் ஆப்பிரிக்க வேட்டைக்கு ஏற்பாடு செய்தபோது, கட்டை இப்படி இருக்கவேண்டும், குறி இப்படி இருக்கவேண்டும் என்று வெள்ளை மாளிகையிலிருந்து வின்செஸ்டர் தொழிற்சாலைக்குக் கடிதங்கள் பறந்தன. ராஜ்ய விவகாரங்களுக்கு நடுவே ஒற்றைக் கண்ணர் ஒருவர் தம் கண்ணுக்காக வாதாடிய கடிதங்கள் அவை.

1909-ல் அவரும் மகன் கெர்மிட்டும் ஆப்பிரிக்கா சென்றார்கள். 1895-ஆம் வருஷத்து மாதிரி லீவர் ரைபிள், .405 என்ற பெரிய தோட்டாவோடு, சிங்கத்துக்கு அது கைகண்ட மருந்து என்று ரூஸ்வெல்ட் கொண்டாடினார். தகப்பனும் பிள்ளையுமாகச் சுட்ட மிருகங்கள் 512. பெரும்பாலும் காட்சிச்சாலைக்காக என்றார்கள். நான் அந்தக் கணக்கை இரண்டு தரம் கூட்டிப் பார்த்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

இந்த மனிதரேதான் ஜனாதிபதியாக இருந்த காலத்தில் 23 கோடி ஏக்கர் பூமியைக் காடாகவும் சரணாலயமாகவும் காப்பாற்றி வைத்தவர். 1880-களின் முடிவில் ஆயிரத்துச் சொச்சமாகக் குறைந்துபோன காட்டெருமையைப் பிழைக்க வைக்க 1905-ல் சங்கம் ஏற்பட்டபோது அதற்குத் துணை நின்றவரும் அவரே. இது முரண்பாடா, பிராயச்சித்தமா என்று அறிஞர்கள் தர்க்கம் செய்கிறார்கள். எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது. ‘அற்றுப் போவதற்குள் ஒன்று’ என்று ஓடியபோது அவருக்குத் தெரிந்தது ஒரு மிருகம். பிற்பாடு தெரிந்தது மந்தை. நடுவே எந்தக் கண்ணாடி மாறிற்று என்பதை எந்தத் தொழிற்சாலைப் பட்டியலிலும் தேட முடியாது.

1912-ல் மில்வாக்கி நகரில் ஒருவன் அவரை மார்பில் சுட்டான். சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த ஐம்பது பக்கப் பிரசங்கத்தையும், எஃகு மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் துளைத்துக்கொண்டு போனதால் குண்டின் வேகம் தணிந்தது. அவர் பிழைத்தார். பிரசங்கத்தையும் செய்து முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். பிறவியிலேயே கண் கெட்டது ஒருநாள் உயிரைக் காத்தது.

அவர் கொண்டாடிய அதே .405 வின்செஸ்டர் எங்கள் ஜில்லாவுக்கும் வந்தது. பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் என்ற வேட்டைக்காரர் கையில் இருந்தது அதுதான். ஜவளகிரி, பென்னாகரம் காடுகளில் அந்த ரைபிளோடு அலைந்து, ஆட்கொல்லிப் புலிகளைப் பற்றி 1954 முதல் புத்தகங்கள் எழுதினார். அமெரிக்கர் பகலுக்குக் குறி மாற்றினார். இவர் இரவுக்கு மாற்றிக்கொண்டார். பரணில் உட்கார்ந்து இருட்டில் சுடுவதற்காக ரைபிளோடு ஒரு மின்சார டார்ச்சைச் சேர்த்து மாட்டிக்கொண்டார். நமது காடுகள் அழிவதைப் பற்றி இவரும் கடைசியில் வருந்தி எழுதினார். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1974-ல் ஆண்டர்சன் காலமானார்.

தாத்தா கதையில் ஒரு பாக்கி இருக்கிறது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஆசாரி கட்டை வைத்துக் கொடுத்த சில வருஷங்களுக்கெல்லாம் தாத்தாவுக்குக் கண்ணில் புரை விழ ஆரம்பித்தது. அந்தி நேரத்தில் குழல் நுனி தெரியவில்லை என்றார். ஆசாரி தம் வீட்டுப் பெண்மணியின் உடைந்த சங்கு வளையலில் ஒரு துண்டை உளுந்து அளவுக்கு உரசி, குழல் நுனியில் அரக்கு வைத்து ஒட்டிக் கொடுத்தார். லைமன் கம்பெனியின் தந்தப் பொட்டைப் பற்றி அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? இருட்டிலும் அந்தப் பொட்டு மினுக்கென்று தெரிந்தது. தாத்தாவுக்குப் பரம சந்தோஷம். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று பாட்டி சொன்னதைத் தள்ளிவிட்டார்.

கார்த்திகை மாசம் ஒரு ராத்திரி கடலைக் காட்டில் சலசலப்புக் கேட்டது. தாத்தா வரப்பில் உட்கார்ந்து, துப்பாக்கியைத் தோளில் வைத்தார். அது தானாகக் கண்ணுக்கு நேரே வந்து நின்றது. வெள்ளைப் பொட்டு தெரிந்தது. அதற்கப்பால் கறுப்பாக ஓர் உருவம் அசைந்தது. சுட்டார்.

கறுப்பன் ஒரு சத்தந்தான் போட்டது. பன்றியை விரட்டிக்கொண்டு முன்னால் ஓடியிருக்கிறது.

மறுநாள் காலையில் தாத்தா துப்பாக்கியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வந்தார். சாயங்காலம் ஆசாரி திண்ணைக்கு வந்து, தூணைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் பேசாமல் நின்றார். பிறகு மெதுவாக, “மணியக்காரரே, நான் வெச்ச பொட்டு தெரியலீங்களா?” என்று கேட்டார்.

“பொட்டு நல்லாத் தெரிஞ்சுது, ஆசாரி” என்றார் தாத்தா. “நாய்தான் தெரியலே.”

அந்தத் தை மாசம் அவர் கண் ஆபரேஷன் செய்துகொண்டார்.